இண்டாலியச் சட்டி, கீறல் விழுந்த தவா, ஈயச்சொம்பு: எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது?

ஹட்டி மருமகள் (கோத்தகிரி)

எல்லோருக்கும் வணக்கம். சமையலறைப் பாத்திரங்களை ஒரு வழி பண்ணலாம் என்று இறங்கியிருக்கிறேன், உதவி வேண்டும். வீட்டில் இப்போது இருப்பது: மாமியார் காலத்து இண்டாலியச் சட்டிகள் (குழம்பு, ரசம், புளிக்காய்ச்சல் எல்லாம் இதில்தான், மிச்சம் இருந்தால் மறுநாள் வரை அதிலேயே), ஒரு பழைய அலுமினியக் குக்கர், கீறல் விழுந்த நான்ஸ்டிக் தவா, பித்தளை உருளி, அம்மா வீட்டுப் பாட்டி கொடுத்த ஈயச்சொம்பு. குழந்தை இப்போதுதான் நாங்கள் சாப்பிடுவதையே சாப்பிட ஆரம்பித்திருக்கிறாள், அதனால்தான் இந்தக் கவலை. கேக் சுட ஒரு ஓடிஜி (மேடையில் வைக்கிற சின்ன மின் ஓவன்) வேறு வாங்கப் போகிறோம், அதற்கு என்ன டின் வாங்குவது என்றும் தெரியவில்லை. இணையத்தில் தேடினால் ஒருவர் எல்லாம் விஷம் என்கிறார், இன்னொருவர் அவர் விற்கும் சட்டியைத் தவிர மற்றதெல்லாம் விஷம் என்கிறார். மாமியாரோ "இதில் சமைத்துத்தான் உன் புருஷனை வளர்த்தேன்" என்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மண்வாசம் (உதகை)

எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள். மண்சட்டி, கல்சட்டி, முடிந்தது கதை. நம் முன்னோர் என்ன முட்டாள்களா?

குன்னூர் பாத்திரக்கடை

மண்வாசம் அண்ணா, மண்சட்டி விற்பவன்தான் நானும், ஆனால் ஊட்டியில் இருந்துகொண்டு மண்சட்டியில் துவரம்பருப்பு வேகவைத்துப் பாருங்கள், மதியச் சாப்பாடு ராத்திரிக்குத்தான் ஆகும்.

தங்கச்சி, உங்கள் பட்டியலில் முதலில் கை வைக்க வேண்டியது அந்த இண்டாலியம். அலுமினியம் கெடுதலா நல்லதா என்ற சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். இண்டாலியம் என்று விற்பது அலுமினியக் கலவை, அதில் கூட என்ன சேர்ந்திருக்கிறது என்று விற்கிற எங்களுக்கே தெரியாது. பழைய இன்ஜின் பாகம், கம்பி, தகரம் எல்லாவற்றையும் உருக்கி வார்க்கிற பட்டறைகளும் உண்டு, அதில் காரீயம் (லெட் என்கிற நச்சு உலோகம்) கலந்து வந்தால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. 2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே இந்த வகைப் பாத்திரங்களைப் பற்றி எச்சரிக்கை விட்டது, இண்டாலியம் என்ற பெயரையே போட்டு, உணவில் காரீயம் இறங்குகிறது என்று. அதிலும் நீங்கள் புளிக்காய்ச்சலை ராத்திரி முழுக்க அதிலேயே வைக்கிறீர்கள்.

எவர்சில்வர் வாங்கும்போது அடியில் 304 என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். அதில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். விலை குறைவாக வரும் 202-ல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள், தண்ணீர் குடிக்கிற டம்ளருக்கு அது போதும், உப்பும் புளியும் நாள் முழுக்க கிடக்கிற பாத்திரத்துக்கு வேண்டாம், அடியில் பொடிப்பொடியாகக் குழி விழும். காந்தத்தை ஒட்டிப் பார்க்கிறேன் என்று கடைக்கு வருகிறார்கள், பாவமாக இருக்கும். 304-லும் ஒட்டாது, 202-லும் ஒட்டாது, பிறகு அதை வைத்து என்ன கண்டுபிடிப்பது? எவர்சில்வர், அலுமினியம் இரண்டுக்குமே ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்று 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு உத்தரவு போட்டிருக்கிறது, அந்த முத்திரையைத் தேடி வாங்குங்கள்.

மண்வாசம் (உதகை)

குக்கர் அலுமினியம் ஆயிற்றே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஓய்வுபெற்ற வேதியியல் (உதகை)

நான் சொல்கிறேன். உதகை 2240 மீட்டர் உயரம், இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கோத்தகிரி, குன்னூரில் 94 பக்கம். அதற்கு மேல் எவ்வளவு தீ வைத்தாலும் தண்ணீர்தான் வற்றும், சூடு ஏறாது. அதனால் அவரை விதை, கொண்டைக்கடலை, ஆட்டுக்கறிக்கெல்லாம் மலையில் குக்கரை விட்டால் வழியில்லை. வெளிக்காற்றின் அழுத்தம் இங்கே குறைவு என்பதால் வெயிட் போட்ட குக்கருக்குள்ளும் 116 டிகிரி மாதிரிதான் வரும், கீழே கோவையில் 120 வரும். நமக்கு இரண்டு விசில் கூட வேண்டியிருப்பதன் காரணம் இதுதான்.

இப்போது அலுமினியம். காற்றுப் பட்டதும் அதன் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகிவிடும், அதுதான் காவல். புளி, தக்காளி, எலுமிச்சை, மோர் போன்ற அமிலங்களும் சோடா உப்பும் அந்தப் படலத்தைக் கரைக்கும், நேரமும் சூடும் கூடக் கூட அதிகமாகக் கரையும். வெறும் பருப்பு, அரிசியில் கரைவது மிகக் குறைவு. அலுமினியத்தால் மறதி நோய் வரும் என்று பலரும் எழுதுகிறார்கள், அது நிரூபிக்கப்படவில்லை. அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் உள்ளே போகலாம் என்றும் இல்லை, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2008-ல் உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. எடை குறைந்த குழந்தைகள் அந்த வரம்பைப் பெரியவர்களை விடச் சீக்கிரம் தொட்டுவிடுவார்கள்.

குக்கரைத் தூக்கிப் போட வேண்டாம் அம்மா. அடியில் தண்ணீர் ஊற்றி, எவர்சில்வர் அடுக்குப் பாத்திரத்தில் அரிசியும் பருப்பும் வைத்து இறக்கினால் சோறு அலுமினியத்தைத் தொடுவதே இல்லை. குக்கருக்குள் நேராகச் சாம்பாரோ புளிக்குழம்போ வைப்பதை மட்டும் நிறுத்துங்கள். குக்கர் உள்ளே கறுத்தால் பயப்பட வேண்டாம், தண்ணீரில் உள்ள உப்புகளின் வேலை அது, புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டு உடனே அதில் நேராகச் சமைப்பதுதான் தப்பு.

எடக்காடு வாசி

எங்கள் பாட்டி 90 வயது வரை அலுமினியத்தில்தான் சமைத்தார், ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் பணம் பறிக்கிற வேலை.

கூடலூர் நர்ஸ்

உங்கள் பாட்டியின் சிறுநீரகம் நன்றாக இருந்திருக்கிறது அண்ணா, உடம்புக்குள் போன அலுமினியத்தை வெளியேற்றுவது அதுதான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் வீட்டில் இருந்தால் இந்தக் கணக்கு வேறு, அவர்களுக்குப் புளிப்புச் சமையலை அலுமினியத்தில் வைக்கவே கூடாது.

நான் சொல்ல வந்தது பித்தளை பற்றி. பழையபடி செம்புப் பாத்திரம், பித்தளைப் பாத்திரம் என்று எல்லோரும் வாங்குகிறார்கள், தயவுசெய்து குழந்தைக்குப் பாலை மட்டும் உள்ளே வெள்ளீயம் பூசாத பித்தளையிலோ செம்பிலோ காய்ச்சாதீர்கள், வைக்காதீர்கள். பச்சைக் குழந்தைகளின் கல்லீரல் சுருங்கிப் போகிற நோய் ஒன்று இந்தியாவில் நிறைய இருந்தது. அதற்கும், இந்தப் பாத்திரங்களில் காய்ச்சிய பாலில் இறங்கும் செம்புக்கும் உள்ள தொடர்பைப் புனே பக்கத்து ஆராய்ச்சியாளர்கள் 1983-ல் எழுதினார்கள். பாட்டிகள் காலத்தில் வருஷா வருஷம் ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வருவார், அதை மறந்துவிட்டு உருளியை மட்டும் எடுத்துக்கொண்டால் எப்படி? உள்ளே மஞ்சள் தெரிய ஆரம்பித்தால் பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். பூசாத உருளியில் பாயசத்தைக் கிண்டிய கையோடு வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் பரவாயில்லை, ரசமோ மோர்க்குழம்போ வேண்டவே வேண்டாம், களிம்பு ஏறி வாந்தி எடுத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஹட்டி மருமகள் (கோத்தகிரி)

ரொம்ப நன்றி அக்கா, சார், அண்ணா. இண்டாலியம் கிளம்புகிறது. ஈயச்சொம்பு? அதில் வைத்த ரசத்தின் மணம் வேறு எதிலும் வராது, அதை விட மனசு வரவில்லை.

ஓய்வுபெற்ற வேதியியல் (உதகை)

சுத்தமான வெள்ளீயமாக இருந்தால் தாராளமாக வையுங்கள். 232 டிகிரியில் உருகிவிடும், அதனால் முதலில் தண்ணீரையோ புளிக்கரைசலையோ ஊற்றிவிட்டுத்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும், சிறு தீ. இல்லையென்றால் அடி ஒழுகிவிடும், அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பிரச்சினை காரீயம் கலந்திருந்தால்தான். காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது, உலக சுகாதார அமைப்பு சொல்வது அதுதான், குழந்தைகளின் மூளையை அது பாதிக்கிறது. வீட்டிலேயே ஒரு முதல் சோதனை செய்யலாம். வெள்ளீயம் ஒரு மில்லிலிட்டர் 7.3 கிராம், காரீயம் 11.3 கிராம். சொம்பை எடை போடுங்கள். விளிம்பு வரை தண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் அதை முழுக்க, உள்ளே காற்று நிற்காமல் மூழ்கவைத்து, வழிந்த தண்ணீரை அளந்து எடையை வகுங்கள். 600 கிராம் சொம்பு என்றால் 82 மில்லி வழிய வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு காரீயம் கலந்திருந்தால் 76 மில்லிதான் வழியும், வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆனால் 5 சதவீதம்தான் கலப்பு என்றால் ஒன்றரை மில்லிகூட வித்தியாசம் வராது, வீட்டு அளவுக்குடுவையில் அது பிடிபடாது. அதனால் இந்தச் சோதனையில் தோற்ற சொம்பைக் கழித்துவிடலாம், தேறிய சொம்பை நம்பிவிட முடியாது. வெள்ளைத்தாளில் தேய்த்தால் பென்சில் மாதிரி சாம்பல் கோடு விழுந்தாலும் சந்தேகம்தான். நகைக்கடையில் தங்கம் பார்க்கிற எக்ஸ்ரே கருவியில் வைத்துப் பார்க்கலாம், அது தங்கத்துக்காக அளவு வைத்தது, ஒரு குறிப்பு கிடைக்கும். உறுதியாகத் தெரிய உலோகச் சோதனைக்கூடம்தான். அதுவரை குழந்தைக்கான ரசத்தை எவர்சில்வரில் வையுங்கள்.

கொடை பேக்கர் (கொடைக்கானல்)

இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். 2001-ல் மூடிய தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசத்தைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிற ஊர்க்காரி நான், உலோகம் என்றால் எங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே காது நிற்கும்.

பேக்கிங் டின்னுக்கு வருகிறேன். சாதாரண அலுமினிய டின் போதும், சூடு சீராகப் பரவும், விலையும் குறைவு. கேக் மாவு அரை மணி, முக்கால் மணி நேரம்தான் அதில் இருக்கிறது, பட்டர் பேப்பர் விரித்துவிட்டால் தொடுவதும் இல்லை. எலுமிச்சை கேக், மோர் சேர்த்த கேக், பிளம்ஸ் வைத்துச் சுடுகிற கேக் என்றால் பேப்பர் கட்டாயம். சுட்ட கேக்கை டின்னிலேயே மூடி ராத்திரி முழுக்க வைப்பது, புளிப்புக் கறியை அலுமினியத் தாளில் சுற்றி ஓவனில் வைப்பது, இரண்டும் வேண்டாம்.

கறுப்புப் பூச்சு போட்ட நான்ஸ்டிக் டின்கள் சூட்டை அதிகம் இழுக்கும், ஓரம் கருகி நடு வேகாமல் நிற்கும், 10 டிகிரி குறைத்து வையுங்கள். பெட்டியில் போட்டிருக்கிற உச்ச வெப்பத்தைப் பார்க்காமல் பிரெட் சுட 250-ல் வைக்கிறார்கள், அதற்கு அந்தப் பூச்சு செய்யப்படவில்லை. சிலிக்கான் அச்சு என்றால் ஒரு மூலையைக் கிள்ளி முறுக்கிப் பாருங்கள், மடிப்பு வெளுத்தால் மலிவான கலப்புப் பொருள் சேர்த்திருக்கிறார்கள். கண்ணாடிப் பாத்திரத்தில் கவனம் தேவை. நம் ஊர்க் குளிரில் ஓவனிலிருந்து எடுத்து நேராக கிரானைட் மேடையில் வைத்தால் பட்டென்று வெடிக்கும், மடித்த துணி மேல் வையுங்கள். இன்னொன்று, சமையல் குறிப்பெல்லாம் கீழே சமவெளியில் இருப்பவர்கள் எழுதியது, பேக்கிங் பவுடரைக் கால் பங்கு குறைத்தால்தான் மலையில் கேக் பொங்கிவிட்டு உட்காராமல் இருக்கும். டின்னைக் குறை சொல்லிப் பயனில்லை.

எடக்காடு வாசி

வர்க்கி சுடுகிறவர்கள் எந்த பேப்பர் விரிக்கிறார்கள்?

கொடை பேக்கர் (கொடைக்கானல்)

வர்க்கியில் எலுமிச்சையா பிழிகிறார்கள்? மைதா, சர்க்கரை, கொழுப்பு. கேள்வி கேட்பதற்காகவே கேட்காதீர்கள் அண்ணா.

தேயிலைத் தோட்டம் (குன்னூர்)

நான்ஸ்டிக் தவாவை யாருமே தொடவில்லையே? எங்கள் வீட்டில் தினமும் அதில்தான் தோசை. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 170 டிகிரிக்கு மேல் ஆபத்து என்கிறது, கம்பெனிக்காரர்கள் 260 என்கிறார்கள், எதை நம்புவது?

ஓய்வுபெற்ற வேதியியல் (உதகை)

இரண்டையும் வெவ்வேறு இடத்தில் வைத்துப் பாருங்கள். அந்தப் பூச்சு 1938-ல் தற்செயலாகக் கண்டுபிடித்த டெஃப்லான். 260 என்பது தொடர்ந்து தாங்கும் என்று தயாரிப்பவர்கள் சொல்லும் எல்லை, அதைத் தாண்டினால் மெல்லச் சிதைய ஆரம்பிக்கும், 350 பக்கம் போனால் நச்சுப் புகையாகவே வரும். 170 என்பது 2024-ல் ஐசிஎம்ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டி சொல்வது, வெறும் தவாவை அடுப்பில் மறந்து வைப்பதை மனதில் வைத்து விளிம்பிலிருந்து தள்ளி நிற்கச் சொல்கிறது. பெரிய பர்னரில் வெறும் தவாவை முழுத் தீயில் வைத்தால் சில நிமிடத்தில் 260-ஐத் தாண்டிவிடும். மாவு ஊற்றியபிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லை, அதிலுள்ள ஈரம் சூட்டைப் பிடித்து வைக்கும்.

நம் ஊரில் கூடுதல் சிக்கல் ஒன்று, டிசம்பர் ஜனவரிக் குளிரில் சன்னல் கதவெல்லாம் அடைத்துக்கொண்டுதான் சமைக்கிறோம். வந்த புகைக்குப் போக இடமில்லை. மனிதருக்குச் சளிக்காய்ச்சல் மாதிரி வந்து மறுநாள் போய்விடும், அதை யாரும் தவாவோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. பறவைகள் தாங்காது. சமையலறைப் பக்கம் லவ் பேர்ட்ஸ் கூண்டு வைத்திருப்பவர்கள் நான்ஸ்டிக்கை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராமல் இருப்பது நல்லது.

உரிந்த துணுக்கை விழுங்கிவிட்டால் பதற வேண்டாம், அது செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும். பிஎஃப்ஓஏ என்ற ரசாயனத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்றால், அது பூச்சு தயாரிக்கப் பயன்படுத்தியது. 2023-ல் அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்திவிட்டார்கள், பெரிய நிறுவனங்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே விட்டுவிட்டன. கீறி உரிந்த பழைய தவாவுக்கு ஓய்வு கொடுங்கள்.

குன்னூர் பாத்திரக்கடை

தோசைக்கு வார்ப்பிரும்புக் கல்லுக்கு மேல் ஒன்றும் கிடையாது. பழக்குவதுதான் வேலை. வாங்கியதும் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் வடித்த கஞ்சியில் ஊறவைத்து, காயவைத்து, நல்லெண்ணெய் துளி விட்டுத் துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள், எண்ணெய் பூசினதே தெரியக் கூடாது. பிறகு புகை வரும் வரை சூடாக்கி ஆறவிட வேண்டும். இதையே நாலைந்து தரம். எண்ணெயைத் தாராளமாக ஊற்றினால் பிசுபிசுப்பாகக் கட்டிக்கொள்ளும், அப்புறம் கடைக்கு வந்து என்னைத் திட்டுவீர்கள். ஐப்பசி கார்த்திகையில் கோத்தகிரி மழை எப்படி என்று உங்களுக்குத் தெரியும், கழுவியதைத் துணியால் துடைத்தால் மட்டும் போதாது, அடுப்பில் ஒரு நிமிடம் வைத்து ஈரத்தைப் போக்கி எண்ணெய் தொட்டு வையுங்கள், இல்லையென்றால் விடிந்தால் செம்மண் நிறத்தில் நிற்கும்.

இருப்புச்சட்டியில் பொரியல், வறுவல், கீரை எல்லாம் செய்யலாம், இரும்புச்சத்தும் கொஞ்சம் இறங்கும். புளிக்குழம்பு வைத்தால் கறுக்கும், உலோக வாசம் அடிக்கும், பழக்கிய பூச்சும் போய்விடும்.

மண்வாசம் (உதகை)

ஆக மண்சட்டிக்கு இந்த இழையில் இடமே இல்லை, அப்படித்தானே? கோத்தர் பழங்குடிப் பெண்கள் வனைந்த பானையில் இந்த மலையே சமைத்த காலம் உண்டு.

கொடை பேக்கர் (கொடைக்கானல்)

யார் இடமில்லை என்றது? மீன் குழம்புக்கு, வத்தக்குழம்புக்கு அதைவிட நல்லது இல்லை, ஐசிஎம்ஆர் வழிகாட்டியும் மண்பாத்திரத்தைத்தான் தலையில் தூக்கி வைத்திருக்கிறது. பளபளவென்று மெருகு ஏற்றியது, கலர் அடித்தது வேண்டாம், மெருகிலும் காரீயம் இருக்கலாம், மங்கலாக வெறும் மண்ணாக இருப்பதை வாங்குங்கள். பனிக்காலத்தில் மண்சட்டி காயவே காயாது, ஈரத்தோடு மூடி அலமாரியில் வைத்தால் உள்ளே சாம்பல் பூத்த மாதிரி பூஞ்சணம் பிடிக்கும். கவிழ்த்து வைக்காமல் நிமிர்த்தி, அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள்.

கல்சட்டியும் அப்படித்தான், காலைக் குளிரில் சில்லென்று கிடப்பதை எடுத்து நேராகப் பெரிய தீயில் வைத்தால் விரிசல் விழும். சிம்மில் ஆரம்பித்து மெல்ல ஏற்றுங்கள், சூடாக இருக்கும்போது குளிர்ந்த தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஹட்டி மருமகள் (கோத்தகிரி)

சொம்பு சோதனை செய்தேன், 540 கிராம், வழிந்தது 74 மில்லி. சார், தேறியதா?

ஓய்வுபெற்ற வேதியியல் (உதகை)

7.3. முதல் கட்டம் தேறியது. கோவைப் பக்கம் போகும்போது சோதனைக்கூடத்தில் கொடுத்துப் பாருங்கள்.

ஹட்டி மருமகள் (கோத்தகிரி)

கட்டாயம் சார். இண்டாலியச் சட்டிகளை ஆக்கர் கடையில் (பழைய சாமான் கடை) போடலாமா, வேலைக்கு வருகிற அக்கா கேட்டார், கொடுத்துவிடலாமா?

கூடலூர் நர்ஸ்

உங்கள் குழந்தைக்கு ஆகாதது அவர் குழந்தைக்கு ஆகுமா? அவருக்கு ஒரு நல்ல எவர்சில்வர் சட்டி வாங்கிக் கொடுங்கள்.

குன்னூர் பாத்திரக்கடை

ஆக்கர் கடைக்குப் போட்டால் அடியில் ஆணி அடித்து ஓட்டை போட்டுக் கொடுங்கள், அப்படியே கொடுத்தால் யாராவது தேய்த்து மறுபடி விற்றுவிடுவார்கள்.

ஹட்டி மருமகள் (கோத்தகிரி)

ஓட்டை போட்டதைப் பார்த்ததும் மாமியார் இரண்டை எடுத்து வைத்துக்கொண்டார், மண் போட்டுச் செடி வைக்கப் போகிறாராம்.

ஓய்வுபெற்ற வேதியியல் (உதகை)

ஜெரேனியம் வைக்கட்டும். புதினா, கொத்தமல்லி மட்டும் அதில் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.